பழைய பாலிசியா, புதிய பாலிசியா: கிழங்கு லாரி சொல்லிக்கொடுத்த பேக்கப் கணக்கு

ஆத்தூர் ரோட்டில் ஜவ்வரிசி மில் வைத்திருக்கும் ஒருவர் போன் செய்தார். அவருடைய கணக்கு, எடைமேடை எல்லாம் ஓடுவது மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸூரில் உள்ள ஒரு வர்ச்சுவல் மெஷினில் (சுருக்கமாக வி.எம்., வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர் மாதிரி), அதைப் பார்த்துக்கொள்வது நான். "ஏன் தம்பி, பேக்கப்புல புதுசுன்னு ஒண்ணு இருக்காம்ல, மருமகன் பெங்களூர்ல இருந்து சொல்றான். நாம எதுக்கு இன்னும் பழசுலயே கிடக்கோம்?" என்றார். "நேர்ல வந்து சொல்றேங்கண்ணே" என்று வைத்துவிட்டேன். போனில் ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை அது. ஆம் என்றாலும் தப்பு, வேண்டாம் என்றாலும் தப்பு.

அஸூரில் ஒரு வி.எம்.முக்குப் பேக்கப் போடப் போனால் முதலில் பாலிசி, அதாவது எப்போது எடுப்பது, எத்தனை நாள் வைப்பது என்ற விதி, எந்த வகை என்று கேட்கும். ஸ்டாண்டர்ட் என்று பழசு ஒன்று, என்ஹான்ஸ்டு என்று புதுசு ஒன்று. ஹோட்டலில் சாதா தோசை, ஸ்பெஷல் தோசை என்று எழுதிப் போட்டிருப்பதுபோல் இருக்கும், பார்த்ததுமே கை ஸ்பெஷல் பக்கம்தான் போகும். ஸ்பெஷல் தோசையில் நெய் கூட ஊற்றுவார்கள் என்று தெரியும். இங்கே எதைக் கூட ஊற்றுகிறார்கள், யாருக்கு அது செரிக்கும் என்பதுதான் கேள்வி.

எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் மற்ற எல்லாக் குழப்பமும் இங்கிருந்துதான் முளைக்கிறது. வி.எம். பேக்கப் என்பது ஒரே வேலைபோலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு வேலை. முதலில் டிஸ்க்கை அந்த நொடியில் இருக்கிறபடி ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கும். அது டிஸ்க் இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே, உங்கள் சந்தாவுக்குள்ளேயே, அதாவது உங்கள் அஸூர் கணக்குக்குள்ளேயே, கிடக்கும். அப்புறம் அதிலிருந்து மாறிய பகுதிகளை மட்டும் மெல்ல வால்ட்டுக்கு, அதாவது தனியாக இருக்கும் பேக்கப் பெட்டகத்துக்கு, நகர்த்தும். பக்கத்தில் கிடக்கும் ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்டால் வேகமாக முடியும். வால்ட்டிலிருந்து மீட்டால் டிஸ்க் அளவைப் பொறுத்து மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும்.

ஸ்டாண்டர்ட் பாலிசியில் ஒரு நாளைக்கு ஒருமுறை, அல்லது வாரத்துக்கு ஒருமுறை பேக்கப் எடுக்கலாம். ஸ்னாப்ஷாட்டை 1 நாள் முதல் 5 நாள் வரை வைத்துக்கொள்ளலாம், நாம் எதையும் தொடாவிட்டால் 2 நாள். வாராந்திரம் என்று போட்டால் 5 நாள் என்று அதுவே நிலையாகிவிடும். என்ஹான்ஸ்டில் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை வரை போகலாம், இல்லை 6, 8, 12 என்று வைத்துக்கொள்ளலாம், ஸ்னாப்ஷாட்டை 30 நாள் வரை வைத்திருக்கலாம். தொடாவிட்டால் 7 நாள். இதில் பலர் கவனிக்காத ஒன்று, என்ஹான்ஸ்டு எடுத்தால் அடிக்கடி எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. அதிலும் தினசரி, வாராந்திரம் இரண்டும் உண்டு.

சரி, இப்போது மருமகன் சொல்லாமல் விட்டது. 4 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கிறோம் என்றால் அத்தனையும் வால்ட்டுக்குப் போகிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். போவது ஒன்றுதான். அன்றைய நாளின் கடைசிப் பேக்கப் மட்டும் வால்ட்டுக்கு நகரும், அது தவறினால் மறுநாளின் முதல் பேக்கப் போகும். மற்றவை எல்லாம் ஸ்னாப்ஷாட்டாக டிஸ்க்குக்குப் பக்கத்திலேயே இருந்து, நாம் வைக்கச் சொன்ன நாள் கணக்கு முடிந்ததும் கழிந்துவிடும்.

வீட்டுப் பத்திரத்துக்கு ஆறு நகல் எடுத்து ஐந்தை அதே வீட்டு பீரோவில் வைத்து ஒன்றை மட்டும் பேங்க் லாக்கரில் வைப்பது மாதிரி. பீரோவில் இருப்பது கைக்கு உடனே கிடைக்கும், எலி கடித்தால் மாற்று இருக்கிறது. வீடே பற்றிக்கொண்டால் ஆறு நகல் எடுத்தோமே என்று சொல்லிப் பயனில்லை, லாக்கரில் இருக்கிற ஒன்றுதான் கணக்கு. அப்படிப் பார்த்தால், வால்ட் அளவில் பழைய பாலிசியும் புதிய பாலிசியும் ஒரே மாதிரிதான், நாளைக்கு ஒரு நகல். என்ஹான்ஸ்டு கூட்டித் தருவது பீரோவை.

பீரோ சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. நடைமுறையில் சர்வரில் வரும் பத்துத் தொல்லையில் எட்டு, ஒன்பது பீரோவிலேயே முடிந்துவிடும். யாரோ ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டார்கள், விண்டோஸ் அப்டேட் வந்து பூட் ஆகவில்லை, மென்பொருள் ஆள் வந்து புது வெர்ஷன் போட்டு எல்லாவற்றையும் குலைத்துவிட்டுப் போனார். வி.எம்.முக்குள் பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் புகுந்து எல்லாக் கோப்பையும் பூட்டினால்கூட ஸ்னாப்ஷாட்டை அதனால் தொட முடியாது, ஏனென்றால் ஸ்னாப்ஷாட் இருப்பது வி.எம்.முக்கு வெளியே. ஆபத்து வருவது நிர்வாகி கணக்கே அடுத்தவன் கையில் போகும்போது. அந்த ஸ்னாப்ஷாட்கள் எல்லாம் 'அஸூர்பேக்கப்ஆர்ஜி' என்று தொடங்கும் பெயருள்ள ஒரு ரிசோர்ஸ் குரூப்பில் (அஸூரில் பொருள்களைச் சேர்த்து வைக்கும் ஒரு தொகுப்பு) உங்கள் சந்தாவுக்குள்தான் இருக்கின்றன, சந்தாவில் முழு அதிகாரம் உள்ளவன் அதை அழிக்க முடியும். வால்ட்டில் இருப்பதை அப்படிச் சட்டென்று அழிக்க முடியாது, சாஃப்ட் டெலீட் என்ற ஏற்பாட்டில் அழித்த பிறகும் குறைந்தது 14 நாள் வைத்திருப்பார்கள், இன்னும் கெட்டியாக வேண்டுமென்றால் யாரும் மாற்ற முடியாதபடி வால்ட்டைப் பூட்டவும் வழி இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு அந்த ரிசோர்ஸ் குரூப்புக்கு ஒரு பூட்டுப் போட்டுவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது, போட்டேன், புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். நாள் முடிந்த பழைய ஸ்னாப்ஷாட்டைக் கழிக்க வேண்டியது பேக்கப் சேவைதான். பூட்டுப் போட்டதால் அதனால் கழிக்க முடியவில்லை, பழசு மேல் பழசு சேர்ந்து, ஒரு கட்டத்தில் இனி இடமில்லை என்று புதிய பேக்கப்பே நின்றுவிட்டது. எச்சரிக்கை மெயில் வந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. சில நாள் பேக்கப் இல்லாமல் ஓடிய அந்த சர்வருக்கு நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. பாதுகாப்பு என்று செய்ததே பேக்கப்பை நிறுத்திய கதையை யாரிடமும் அதிகம் சொல்லிக்கொள்வதில்லை.

இப்போது மில்லுக்கு வருகிறேன்.

கிழங்கு சீசனில் ஜவ்வரிசி மில் இரவு பகல் பார்க்காது. லாரி லாரியாக மரவள்ளிக் கிழங்கு வரும், எடைமேடையில் ஏறும், சாம்பிள் எடுத்து மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்ப்பார்கள், விலை அந்தப் பாயிண்ட்டை வைத்துத்தான். எடையும் பாயிண்ட்டும் கம்ப்யூட்டரில் ஏறியதும் லாரி உள்ளே போய்க் கிழங்கைக் கொட்டும், கொஞ்ச நேரத்தில் அது தோல் உரிந்து அரைபட்டுப் பாலாகித் தொட்டியில் இருக்கும். அதற்குப் பிறகு அந்த லோடு எத்தனை டன், எத்தனை பாயிண்ட் என்று யாராலும் திரும்பப் பார்க்க முடியாது. அரைத்த கிழங்கைத் திரும்ப எடை போடவா முடியும்?

முன்பு ஒரு சீசனில் அதுதான் நடந்தது. ஸ்டாண்டர்ட் பாலிசி, இரவு 11 மணிக்குப் பேக்கப். மறுநாள் சாயங்காலம் 6 மணிக்கு சர்வர் படுத்தது. நான் பதறாமல் முந்தைய இரவு ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்டேன், வேகமாகவே முடிந்தது, பேக்கப் வேலை செய்கிறது பாருங்கள் என்று பெருமையாகக்கூட இருந்தது. எடைமேடையில் இருந்த பையன் வந்து, "சார், இன்னைக்கு வந்த லோடு எதுவுமே காணோமே" என்றான். 19 மணி நேரத்து எடைச்சீட்டு. லாரிகள் எல்லாம் போய்விட்டன. அப்புறம் வியாபாரிகள் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு, கையில் இருக்கிற சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, சீட்டு இருந்தவர்களுக்கு எடை கிடைத்தது. பாயிண்ட் சீட்டில் இல்லை. பாயிண்ட்டைப் பேசித்தான் முடித்தார்கள், பேசி முடித்தார்கள் என்றால் யார் விட்டுக்கொடுத்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அன்றிலிருந்து நான் யாரிடமும் "எத்தனை மணி நேர டேட்டா போனால் பரவாயில்லை?" என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு எல்லா முதலாளிகளும் ஒரே பதில்தான் சொல்வார்கள், ஒரு நிமிஷம்கூடப் போகக்கூடாது என்று. நான் கேட்பது வேறு: கம்ப்யூட்டரில் ஏறுவதற்கு முன்னால் இது வேறு எங்கேயாவது எழுதப்பட்டிருக்கிறதா? நோட்டில், சீட்டில், பில் புத்தகத்தில், எவனுடைய வாட்ஸ்அப்பிலாவது? இருந்தால் போனது திரும்பவும் தட்டச்சு செய்கிற கூலியோடு முடிந்துவிடும், ஒரு நாளைக்கு ஒரு பேக்கப் தாராளம். இல்லையென்றால் பேக்கப்புக்கும் பேக்கப்புக்கும் நடுவில் இருக்கிற நேரம்தான் உங்கள் நஷ்டத்தின் அளவு, அதைச் சுருக்குவதற்குப் பணம் கொடுக்கலாம்.

இதே கேள்வியை ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கேட்டால் பதில் நேர் எதிராக வருகிறது. பறிக்கிற ஆள்கள் பழம் கொண்டுவந்து கொட்டும்போது மேஸ்திரி நோட்டில் எடை எழுதுகிறார், சாயங்காலம் ஆபீஸில் ஒருவர் அதைப் பார்த்து ஏற்றுகிறார், ஒரு மணி நேர வேலை. மலையில் 20 கொண்டை ஊசி வளைவுக்கு நடுவே எங்கேயாவது மரம் விழுந்து கேபிள் அறுந்தால் அன்றைக்கு ஏற்றவே முடியாது, மறுநாள் ஏற்றுவார்கள், நோட்டு இருக்கிறது. ராத்திரியில் வி.எம்.மை நிறுத்தி வைத்துவிடுகிறோம், காசு மிச்சம். நிறுத்தி வைத்த வி.எம்.மையும் பேக்கப் எடுக்க முடியும், பயன்பாடுகளைக் கேட்டு எடுக்கிற பக்குவம் அதில் இருக்காது, மின்சாரம் போன நேரத்து டிஸ்க் மாதிரி இருக்கும், ஒழுங்காக நிறுத்திய மெஷினுக்கு அதனால் பாதகம் இல்லை. இங்கே 4 மணி நேரத்துக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தால் மாறாத டிஸ்க்கைத்தான் மறுபடி மறுபடி படம் பிடித்துக்கொண்டிருப்போம். ஸ்டாண்டர்ட் போதும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மில் பக்கம் திரும்பினால், என்ஹான்ஸ்டு என்று உடனே முடிவெடுக்கத் தோன்றும். அதற்கு முன் ஒரு விஷயம். எடைமேடை மென்பொருள் எஸ்.கியூ.எல். சர்வர் என்ற டேட்டாபேஸில் ஓடியிருந்தால் நான் வி.எம். பாலிசியைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியிருக்கவே மாட்டேன். அஸூர் பேக்கப்பில் வி.எம்.முக்குள் ஓடும் எஸ்.கியூ.எல். சர்வருக்கென்று தனி ஏற்பாடு இருக்கிறது, அதில் லாக் பேக்கப்பை, அதாவது டேட்டாபேஸில் நடந்த மாற்றங்களின் பதிவை, 15 நிமிடத்துக்கு ஒருமுறை வரை எடுக்கலாம். 15 நிமிடம் எங்கே, 4 மணி நேரம் எங்கே! டேட்டாபேஸைக் காப்பாற்றுவதற்காக வி.எம். முழுவதையும் அடிக்கடி ஸ்னாப்ஷாட் எடுப்பது, பாலைக் காப்பாற்ற மாட்டையே தூக்கிக்கொண்டு ஓடுகிற வேலை. ஆனால் எங்கள் எடைமேடை மென்பொருள் அந்தக் காலத்து மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸ் கோப்பில் ஓடுவது, அதற்கு லாக்கும் கிடையாது ஒன்றும் கிடையாது. மென்பொருளை மாற்றுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன், எடைமேடை விற்றவர்தான் அதையும் கொடுத்தார் என்று பதில் வந்தது. அப்படிப்பட்ட இடத்தில் என்ஹான்ஸ்டு உண்மையிலேயே உதவும்.

அதிலும் 4 மணி நேரம் என்பதைக் கடிகாரம் மாதிரி எடுத்துக்கொள்ளக்கூடாது. குறித்த நேரத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் பேக்கப் தொடங்கும் என்பதுதான் ஏற்பாடு. காலை 8 மணி பேக்கப் 8.10-க்கும் ஓடலாம், 9.40-க்கும் ஓடலாம். அதனால் இரண்டு ஸ்னாப்ஷாட்டுக்கு நடுவே சில நாள் 5 மணி நேரத்துக்கு மேலேயும் போய்விடலாம் என்று வைத்துக்கொண்டு பேசுவதுதான் நியாயம். இன்னொரு பொறி நேர மண்டலம். பாலிசியில் யு.டி.சி. (உலகப் பொது நேரம்) என்று கிடந்தால் நீங்கள் இரவு 11 என்று போட்டது நமக்கு விடிகாலை 4.30. ஒருநாள் பேக்கப்பில் இது பெரிதாகத் தெரியாது. மில்லில் ஷிப்ட் முடிகிற நேரத்துக்குப் பேக்கப் வர வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தால் எல்லாம் ஐந்தரை மணி நேரம் தள்ளிப் போயிருக்கும்.

செலவு விஷயத்தில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். வி.எம். ஒன்றுக்கு வாங்கும் மாதாந்திரப் பேக்கப் கட்டணம் டேட்டா அளவைப் பொறுத்தது, 50 ஜிபி வரை ஒரு விலை, 500 ஜிபி வரை ஒரு விலை, அதற்கு மேல் ஒவ்வொரு 500 ஜிபிக்கும் கூடும். என்ஹான்ஸ்டு என்பதற்காக அது ஏறுவதில்லை. வால்ட்டில் சேர்கிற அளவும் நாளைக்கு ஒன்று என்பதால் பெரிதாக மாறாது. ஏறுவது ஸ்னாப்ஷாட்டுக்கான இடம். ஸ்னாப்ஷாட்கள் மாற்றத்தை மட்டும் சேமிப்பவை, டிஸ்க் பிரீமியமாக இருந்தாலும் ஸ்னாப்ஷாட்டைச் சாதாரண ஹார்டு டிஸ்க் விலையில் வைக்கலாம், அதனால் ஒன்றின் விலை கம்மி. எத்தனை ஸ்னாப்ஷாட் என்பதைவிட, ஒவ்வொன்றுக்கும் நடுவே டிஸ்க்கில் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் பில்லை முடிவு செய்யும். ஒரே கோப்பின் ஒரே பகுதி நாளைக்கு நாலு தடவை மாறினால் ஒருநாள் ஸ்னாப்ஷாட்டில் அது ஒரு தடவைதான் எண்ணப்படும், நாலு ஸ்னாப்ஷாட் எடுத்தால் நாலு தடவை.

இதில் நான் அடிபட்டது வேறு ஒரு வாடிக்கையாளரின் சர்வரில், தப்பு முழுக்க என்னுடையது. அங்கே ராத்திரி ராத்திரி டேட்டாபேஸை ஒரு பேக்கப் கோப்பாக அதே டிஸ்க்கில் கொட்டி வைக்கிற பழைய ஸ்கிரிப்ட் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, நானே எப்போதோ போட்டது, மறந்துவிட்டேன். கோப்பு 40 ஜிபி. ஸ்டாண்டர்டில் ஸ்னாப்ஷாட் 2 நாள்தான் என்பதால் அது உறுத்தவில்லை. என்ஹான்ஸ்டுக்கு மாற்றி, 7 நாள் என்று தானாக இருந்ததைத் தொடாமல் விட்டேன். தினமும் 40 ஜிபி புதிதாக எழுதினால் 7 நாளுக்கு 280 ஜிபி, ஸ்னாப்ஷாட் கணக்கில் மட்டும். உண்மையான டேட்டா மாற்றமோ நாளைக்கு 2 ஜிபிகூட இல்லை. மாதக் கடைசியில் பில்லைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "பழையபடியே மாத்திடுங்களேன்".

மாற்ற முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியம் இதுதான், பாலிசியைத் தேர்வு செய்கிற இடத்தில் இதை ஒரு சின்னக் குறிப்பாகத்தான் போட்டிருப்பார்கள். ஸ்டாண்டர்டிலிருந்து என்ஹான்ஸ்டுக்குப் போகலாம், என்ஹான்ஸ்டிலிருந்து ஸ்டாண்டர்டுக்குத் திரும்ப வழி கிடையாது. திரும்ப வேண்டுமென்றால் பேக்கப்பை நிறுத்தி, இருக்கிற மீட்புப் புள்ளிகளையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். பல வருஷ மாதாந்திர நகலை ஆடிட்டருக்காக வைத்திருக்கிறவர் யாரும் அதற்கு ஒத்துக்கொள்ளமாட்டார். அந்த வாடிக்கையாளரிடம் ஸ்கிரிப்டை நிறுத்தி, ஸ்னாப்ஷாட் நாளை 2 ஆகக் குறைத்து, பில்லை இறக்கிச் சமாளித்தேன். என்ஹான்ஸ்டிலேயே தினசரி ஒருமுறை, ஸ்னாப்ஷாட் 1 நாள் என்று வைத்தால் செலவு பழையதற்குப் பக்கத்தில் வந்துவிடும், அதனால் திரும்ப முடியாது என்பது உலகம் முடிந்ததுபோல் இல்லை. மாற்றுவதற்கு முன்னால் டிஸ்க்கில் தினமும் என்ன எழுதப்படுகிறது என்று ஒரு வாரம் உட்கார்ந்து பார்ப்பது நல்லது, அவ்வளவுதான்.

தேர்வே இல்லாத இடங்களும் உண்டு, அவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அல்ட்ரா டிஸ்க், பிரீமியம் எஸ்.எஸ்.டி. வி2 என்ற அதிவேக டிஸ்க்குகள் வைத்திருந்தால் என்ஹான்ஸ்டுதான் வழி. பழைய வி.எம்.மை ட்ரஸ்டட் லான்ச் என்ற, பூட் ஆகும்போதே காக்கிற பாதுகாப்புக்கு உயர்த்த வேண்டுமென்றால் அதன் பேக்கப்பை முதலில் என்ஹான்ஸ்டுக்கு மாற்று என்றுதான் மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. ஏஜென்ட் (உதவி மென்பொருள்) எதுவும் வி.எம்.முக்குள் போடாமல், எல்லா டிஸ்க்கையும் ஒரே நொடியில் பிடிக்கிற பேக்கப் வேண்டுமென்றாலும் அதேதான். நம்மூர் மில்லுக்கும் கடைக்கும் அந்த அதிவேக டிஸ்க் எல்லாம் தேவைப்படாது.

என்ஹான்ஸ்டின் இன்னொரு பெருமையாக ஸோன் பாதுகாப்பைச் சொல்வார்கள். ஒரே பிராந்தியத்துக்குள் தனித்தனி டேட்டா சென்டர்களில் ஸ்னாப்ஷாட் பரவி இருக்கும், ஒரு கட்டடம் போனாலும் இன்னொன்றில் கிடைக்கும். நல்லதுதான். ஆனால் சேலத்துக்காரர்கள் பக்கத்தில் இருக்கிறதே என்று சென்னையில் உள்ள சவுத் இந்தியா பிராந்தியத்தைத் தேர்ந்திருப்பார்கள், அங்கே ஸோன் கிடையாது. புனேயில் உள்ள சென்ட்ரல் இந்தியாவில் உண்டு. சென்னையில் இருந்துகொண்டு ஸோனுக்காக என்ஹான்ஸ்டு எடுத்தேன் என்றால், கிணறு இல்லாத வீட்டுக்கு ராட்டினம் வாங்கின கதை. ஊரே தாண்டிய பாதுகாப்பு வேண்டுமென்றால் வால்ட்டை ஜி.ஆர்.எஸ்., அதாவது வேறு பிராந்தியத்திலும் நகல் இருக்கிற வகை, என்று வைப்பதுதான் முறை, சென்னைக்குப் புனே ஜோடி. அதை முதல் வி.எம்.மைச் சேர்ப்பதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும், சேர்த்த பிறகு மாற்ற விடாது. இதற்கும் ஸ்டாண்டர்டா என்ஹான்ஸ்டா என்பதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

இதெல்லாம் கிளவுடில் இருப்பவர்களுக்கு. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரி ஒருவர் கடைக்குப் பின்னாலேயே சர்வர் வைத்திருக்கிறார், அவருக்கும் இதே பழசு, புதுசு கேள்வி வேறு வேஷத்தில் வருகிறது. அவருடைய அப்பா காலத்து முறை திங்கள் முதல் சனி வரை ஆறு பென் டிரைவ், ஒவ்வொன்றிலும் கிழமை எழுதி ஒட்டியிருக்கும், கணக்குப்பிள்ளை தினமும் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போவார். சிரிக்காதீர்கள், ஊருக்குள் இரண்டு இடத்தில் நகல், ஒரு வாரம் பின்னால் போகிற வசதி, இணையத்தில் இருந்து எவனும் தொட முடியாத தனிமை, எல்லாம் அதில் இருந்தது. அதற்கடுத்து வாரம் ஒரு முழு பேக்கப், தினமும் மாற்றம் மட்டும் என்ற முறை. இப்போதைய முறையில் முழு பேக்கப் ஒரே ஒருமுறைதான், அதற்குப் பிறகு காலத்துக்கும் மாற்றம் மட்டும். விண்டோஸ் சர்வர் 2016-இலிருந்து ஹைப்பர்-வி (சொந்த சர்வரில் வி.எம். ஓட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) தானே எந்தப் பகுதி மாறியது என்று குறித்து வைத்துக்கொள்கிறது. அதே வேலை செய்யும் வி.எம்.வேர் மென்பொருளில் அது 2009-இல் வந்த விஸ்பியர் 4-இலிருந்தே உண்டு.

கொலுசு வியாபாரியிடம் இருப்பது ப்ராக்ஸ்மாக்ஸ், அதுவும் அதே வகை மென்பொருள்தான். அதன் பேக்கப் சர்வர் அருமையானது, இலவசம் வேறு. ஒரு சின்ன விஷயம் இருக்கிறது, மாறிய பகுதிகளைக் குறிக்கும் பட்டியல் வி.எம். ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் நினைவில் இருக்கும். வி.எம். நின்று எழுந்தால் பட்டியல் போச்சு, அடுத்த பேக்கப்பில் டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்த்துத்தான் எது மாறியது என்று கண்டுபிடிக்கும். அனுப்புவது மாறியதை மட்டும்தான், படிப்பதற்கு நேரமாகும். மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்சாரம் போகும் நாளில் அவருடைய யு.பி.எஸ். தாங்காது, அன்றைக்கு ராத்திரி பேக்கப் விடிய விடிய ஓடும். "வைரஸாங்க?" என்று மறுநாள் காலையில் போன் வரும்.

கொலுசு வேலையில் வெள்ளி கொடுத்தது, வாங்கியது, சேதாரம் எல்லாம் பட்டறைக்காரர் நோட்டிலும் இவர் நோட்டிலும் இரண்டு பக்கமும் எழுதியிருக்கும். எடையில் ஒரு கிராம் குறைந்தால் யாரும் கம்ப்யூட்டரை நம்பி விட்டுவிடமாட்டார்கள். அதனால் அவருக்கு நாளைக்கு ஒரு பேக்கப் போதும். இல்லாதது கடைக்கு வெளியே ஒரு நகல். பென் டிரைவ் போனதோடு அதுவும் போய்விட்டது. புதிய முறைக்கு வந்ததில் பழைய முறையின் ஒரு நல்ல பழக்கம் உதிர்ந்துவிட்ட இடம் அது.

மில்லில் கடைசியாக என்ன செய்தோம் என்றால், ஒரே வி.எம்.மாக இருந்ததை இரண்டாகப் பிரித்தோம். கணக்கு ஓடுகிற வி.எம்.முக்குப் பில்லும் வவுச்சரும் காகிதத்தில் இருக்கிறது, அது ஸ்டாண்டர்டிலேயே இரவு 11 மணி பேக்கப்போடு இருக்கிறது. எடைமேடைக்குச் சின்னதாகத் தனி வி.எம்., டிஸ்க்கும் சின்னது, அதற்கு மட்டும் என்ஹான்ஸ்டு, நாள் முழுவதும் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஸ்னாப்ஷாட் 3 நாள். இரண்டாவது வி.எம்.முக்கு வாடகை கூடுதல்தான், ஆனால் கணக்கு சர்வரின் பெரிய டிஸ்க்கை நாளைக்கு ஆறு தடவை ஸ்னாப்ஷாட் எடுக்க வேண்டியதில்லை. அதோடு எடைச்சீட்டில் பாயிண்ட்டையும் அச்சடிக்கச் சொல்லி, எடைமேடை மென்பொருள்காரரிடம் கெஞ்சி ஒரு வரி சேர்க்க வைத்தோம். பேக்கப்புக்கு நான் செய்ததிலேயே மலிவான வேலை அந்த ஒரு வரிதான் என்று நினைக்கிறேன்.

மாற்றி முடித்த அன்று முதலாளி கேட்டார், "அப்ப மருமகன் சொன்னது சரிதானா தம்பி?" "பாதி சரிங்கண்ணே" என்றேன். எந்தப் பாதி என்று அவர் கேட்கவில்லை, லாரி ஒன்று எடைமேடையில் ஏறிக்கொண்டிருந்தது.